வாசம் இல்லீங்க, தொரை

1. முதல் நாள்

எழுபதுகளின் நடுவில் மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் டிரைவராகச் சேர்ந்தேன். முதலாளி வெள்ளைக்காரர். எல்லாருக்கும் அவர் தொரை. யுத்தத்தில் பர்மாப் பக்கம் சண்டை விமானம் ஓட்டியவர், எத்தனையோ எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவர், அவர் நாட்டு ராஜா கொடுத்த மெடல் பங்களா பீரோவில் இருக்கிறது என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லியிருந்தார். தொரையின் இரண்டு புறங்கையும் வெந்து, தோல் சுருங்கிக் கிடக்கும்.

ஜீப்பில் சாவியைப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"குனி. ஜீப்புக்குக் கீழ மோந்து பார். பெட்ரோல் வாசம் வருதா?"

"இல்லீங்க தொரை."

"தினம் கேப்பேன். மோந்து பாத்துத்தான் சொல்லணும்."

மழையிலும் கேட்டார், காய்ச்சலிலும் கேட்டார். ஆகாசத்தில் சண்டை போட்டவருக்கு ஒரு ஜீப்பைக் கண்டு இத்தனை பயமா என்று ஆட்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். சேர்ந்த சில மாதங்களிலேயே குனிவதை விட்டுவிட்டேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே 'இல்லீங்க' வந்து விழும்.

2. ஆயுத பூஜை

மூன்றாவது வருஷம். ஜீப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். பூஜை முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் வாழவந்தி வரை ஒரு ரவுண்டு போவது வழக்கம். என் ஆறு வயசு மகள் செல்வி முதல் ஆளாக ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

தொரை வந்தார். "வாசம்?"

"இல்லீங்க தொரை."

சாம்பிராணிப் புகையில் அவருக்கும் தெரியவில்லை.

கற்பூரத் தட்டைச் சுற்றும்போது ஒரு கட்டி நழுவிக் கீழே விழுந்தது. குபீரென்று தரை பற்றிக்கொண்டு, நெருப்பு ஜீப்புக்கு அடியில் ஓடியது. பெட்ரோல் பைப் கசிந்திருக்கிறது. "எறங்கு கண்ணு" என்று கத்தப் பார்த்தேன். குரல் வரவில்லை, காலும் நகரவில்லை. பெற்ற பிள்ளை உள்ளே இருக்க, நான் தட்டோடு நின்றேன்.

தொரை ஓடினார். எங்களை விட்டு அந்தப் பக்கமாக, காப்பி உலர்த்தும் களம் வரைக்கும் ஓடினார். அங்கே நின்று திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அலறிக்கொண்டே ஓடிவந்து, நெருப்புக்குள் கையை விட்டுச் செல்வியை இழுத்து என் மேல் தள்ளினார். ஆட்கள் மண்ணை வாரி இறைத்து அணைத்தார்கள். பாவாடை ஓரம் கருகியதோடு அவள் தப்பினாள். தொரையின் வெந்த கை மறுபடி வெந்தது.

3. மெடல்

பெண்கள் தொரையைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மேஸ்திரி மாலை வாங்க ஆள் அனுப்பினார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பங்களாவுக்குப் போனேன்.

"தொரை, அன்னிக்கு நான் மோந்து பாக்கலீங்க. நொம்ப நாளாவே பாக்கறதில்லீங்க. ஊட்டக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிக்கறேனுங்க."

தொரை பீரோவைக் காட்டினார்.

"அந்த மெடல் எதுக்குன்னு தெரியுமா?"

"ஏரோப்ளேன சுட்டதுக்குங்க."

"இல்ல. எரியிற விமானத்துல கைய விட்டு சினேகிதன இழுத்ததுக்கு. அவன் பொழைக்கல. அது அன்னிக்குக் காலையில நான் ஓட்டிட்டு வந்த விமானம். எறங்கறப்பவே பெட்ரோல் வாசம் அடிச்சுது. கோளாறு இருக்கான்னு மெக்கானிக் கேட்டான். தூக்கக் கலக்கத்துல, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டேன். அடுத்து அவன் எடுத்தான், தரையிலயே தீப்பிடிச்சுது. மெடல் குடுத்தாங்க. யாரும் கேக்கல, நானும் சொல்லல. நீ சொல்லிட்ட."

வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஜீப் திரும்பிய காலையில், "வாசம்?" என்றார். மண்டியிட்டு மூன்று தரம் மோந்தேன். அப்படியும் 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீங்களும் ஒருதரம் பாருங்க தொரை."

அவரும் என் பக்கத்தில் மண்டியிட்டார்.

வண்டி ஓட்ட வரும் தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். ரிட்டயர் ஆகியும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. செல்வி வேலைக்குக் கிளம்பும்போது அவள் மொபெட்டுக்குக் கீழே குனிந்து மோந்து பார்க்கிறேன். "அப்பாவுக்கு வேற வேலையில்ல" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.