ஜிம்மிக்கு ஒரு முட்டை

என் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே தெர்மாமீட்டரை மறுபடி மறுபடி வைத்துப் பார்ப்பவள் நான். மருந்தைக் கொடுத்த பிறகும், சரியான அளவுதான் ஊற்றினேனா என்று பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட நான் நான்காம் வகுப்பில் புற்றுநோயைக் கண்டு கொஞ்சமும் பயப்படவில்லை என்றால் என் கணவரே நம்புவதில்லை.

நோய் எங்கள் ஜிம்மிக்கு. நான் பிறப்பதற்கு முன்பே திண்டிவனத்து வீட்டுக்கு வந்துவிட்ட நாய். நாங்கள் சமணக் குடும்பம். முட்டைகூட வாசலைத் தாண்டாது. பொழுது சாய்வதற்குள் ராச்சாப்பாடு முடிந்துவிடும். ஜிம்மிக்கும் அதே சட்டம்தான். தயிர்சாதம், கேப்பைக் களி, அதுவும் விளக்கு வைப்பதற்குள். எங்களோடு இருந்த அத்தைதான் வைப்பாள். செஞ்சிப் பக்கமிருந்து உறவினர் வந்தால், "போன ஜென்மத்துல நம்ம சனமா இருந்திருக்கும்" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

ஜிம்மியின் வயிற்றில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி வந்தது. அப்பா மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். டாக்டர் கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு அனுப்பினார். மறுமுறை போனபோது, "கேன்சருங்க" என்றார். "வயசாயிடுச்சி, ஆபரேஷன் தாங்காது. வலிக்கு மாத்திரை எழுதறேன். தினம் ஒரு முட்டை குடுங்க, தெம்பா இருக்கும்."

"சார், நாங்க ஜெயினுங்க."

"நாயுமா?"

"ஆமாங்க சார்." அப்பா சிரிக்காமல் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஜிம்மியின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கோ நிம்மதி. நோயின் பெயர் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. இனி என்ன?

அத்தை ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "நான் இருக்கற வரைக்கும் இந்த ஊட்டுக்குள்ள முட்டை வராது." அதனால் எதிர்வீட்டு அக்கா தன் வீட்டில் அவித்துப் போடுவதென்று ஏற்பாடாயிற்று. சாயங்காலமானால் ஜிம்மி தெருவைக் கடந்து போய், வாயை நக்கிக்கொண்டு திரும்பும்.

"தெருவுல போயி துன்னுட்டு வருது பாரு, மானம் போவுது" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜிம்மி எதையும் காதில் வாங்காமல் வாலாட்டும். கேன்சர் சரியாகிவிட்டது என்று வகுப்பில் எல்லோரிடமும் அறிவித்தேன்.

கோடை வெயில் ஏறியபோது ஜிம்மி வாசலுக்கு வெளியே குழாயடியில் போய்ப் படுத்தது. பிறகு எழவில்லை. தயிர்சாதத்தில் ஈ மொய்த்தது. எதிர்வீட்டு அக்கா வந்து ஊட்டிப் பார்த்தார். பாதி முட்டையாவது இறங்கியது. அமாவாசை வந்தது. அக்கா குடும்பத்தோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார். அன்று ஜிம்மி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முட்டை இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அத்தையிடம் அதை உரக்கவே சொன்னேன்.

பொழுது இறங்கும் நேரத்தில் அத்தை முந்தானைக்குள் எதையோ மறைத்து எடுத்து வந்தாள். அவித்த முட்டை. அக்கா பஸ் ஏறுவதற்கு முன்பே கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். ஜிம்மியின் முன்னால் வைத்தாள். ஜிம்மி மூக்கால் தொட்டது, முட்டை உருண்டது. எடுத்துத் திரும்ப வைத்தாள். மறுபடியும் உருண்டது.

"இன்னாடி இது, பந்து மாரி உருட்டுது? அவ குடுத்தாதான் துன்னுமா?"

"அத்த, ஓட்ட உரிக்கணும். அக்கா உரிச்சிதான் குடுப்பாங்க."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? வேடிக்க பாத்துக்கினு நிக்கற!"

உரித்தாள். ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மஞ்சளை விரலால் நசுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஜிம்மி தலையைத் தூக்காமல் நாக்கை மட்டும் நீட்டியது. நக்கியது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம். அதற்குள் இருட்டிவிட்டது. அத்தை அன்று சாப்பிட்டிருக்கவில்லை. இனி விடியும்வரை சாப்பிடவும் முடியாது.

"பாத்தியா அத்த, சரியாயிடுச்சி!"

"ஆமாண்டி. ஆயிடுச்சி."

அவளுக்கு அருவருப்பாக இருக்குமே என்று ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அத்தை கையை நகர்த்தவில்லை.

"இருடி. இன்னும் நக்கிக்கினு இருக்குது."

அந்தக் கையில் ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நாளைக்கும் ஒரு முட்டை கொடுத்தால் போயிற்று, இதற்குப் போய் இவ்வளவு நேரமா என்று செம்போடு நின்றுகொண்டிருந்தேன்.