கல்குடாவில் இல்லாத ஒரு தாய்

இன்று காலை முகநூலில் பெற்றோர் குழு ஒன்றில் பொய்ப் பெயரில் ஒரு கேள்வி கேட்டேன். "ஏழு வயதாகியும் மகனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. பள்ளிக்கூடத்து விசேட கல்வி அலகில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும்?"

பலர் கோயிலுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் இன்பாக்ஸுக்கு வந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பக்கத்து வளவுத் தவமணி அக்கா.

அவருடைய மகளை அப்படியொரு அலகுக்கு ஏற்றிப் போக வேன் வரும்போதெல்லாம், என் மகனை உள்ளே கூப்பிட்டு வாசல் படலையைச் சாத்திவிடுவேன். இரண்டு பிள்ளைகளையும் ஊர் ஒரே கண்ணால் பார்த்துவிடுமோ என்று பயம்.

அக்கா எழுதினார்: "முதல்ல ஆஸ்பத்திரி கிளினிக்ல காட்டி ரிப்போர்ட் எடுங்க தங்கச்சி. அதைக் கொண்டு வலயக் கல்விக் கந்தோருக்குப் போங்க. எந்தப் பள்ளிக்கூடத்தில அலகு இருக்கெண்டு அவங்க சொல்லுவாங்க. பயப்பிடாதீங்க, பிள்ளையில ஒரு பிழையும் இல்ல. நீங்க எந்த ஊர்?"

"கல்குடா" என்று எழுதினேன்.

"ஐயோ, தூரமாப் போச்சே. அமிர்தகழிப் பக்கமெண்டா நானே உங்களோட வருவன்."

நாங்கள் இருவரும் இருப்பதே அமிர்தகழியில்தான். இப்போதும் வேலிக்கு அங்கால் அவர் மகளுக்குக் கதை சொல்லிச் சோறு தீத்துவது கேட்கிறது.

இந்தப் பதிவை அதே குழுவில் என் சொந்தப் பெயரில் போடுகிறேன். திட்டுகிறவர்கள் கீழே திட்டலாம்.

அக்கா, அந்தக் கல்குடாக்காரி நான்தான். படலையைத் திறந்து வந்து உங்களிடம் சொல்ல முகமில்லாமல், ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.