பதினேழு அவர்களே, ஒரு பஸ்ஸு

"மைக்கு சரியில்லப்பா."

கள்ளக்குறிச்சியில கம்பளி, தார்ப்பாய் விக்கிற கவுஸ் பாஷா பாய் எங்க பேசிட்டு எறங்குனாலும் இதான் சொல்வாரு. கடைக்காரங்க சங்கத்துக்கு அவரு செயலாளரு. மைக்கே இல்லாத கல்யாண வூட்ல பேசிட்டு வந்தும் இதையே சொன்னவரு. பக்கத்து செல்போன் கடை என்னுது. யாவாரம் டல்லா இருந்தா அவரு மாதிரியே பேசி மிமிக்ரி பண்ணிக்கினு இருப்பேன்.

கல்வராயன் மலை பஸ்ஸு பாய் கடை வாசல்லதான் நிக்கும். எறங்குற ஜனம் நேரா வந்து கம்பளியத் தொட்டுப் பாக்கும். அந்த ஸ்டாப்ப ஊருக்கு வெளிய மாத்தப்போறாங்கன்னு பேச்சு. மாத்துனா பாய் ஷட்டர இழுத்துட்டு வூட்டுக்குப் போவேண்டிதுதான். கருத்து கேக்க ஆபீசர் ரெண்டு கூட்டம் வச்சாரு. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்.

மொத கூட்டத்துல பாய் தொண்டையக் கனைச்சிக்கினு, "மேடையிலே வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அண்ணன் தெய்வசிகாமணி அவர்களே"ன்னு ஆரம்பிச்சாரு. பொருளாளர் அவர்களே, அரிசி மண்டி அவர்களே, பந்தல் போட்டவரு அவர்களே. ஒருத்தர வுட்டாலும் மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாங்களே. பதினேழாவது அவர்களேல மணி அடிச்சிட்டாங்க. பஸ்ஸு அவரு வாயிலேர்ந்து கெளம்பவே இல்ல. எறங்கி வந்து இன்னா சொன்னாருன்னு வேற நான் சொல்லணுமா?

மறுநாளு அவரு கடையிலயே அத அப்படியே பேசிக் காட்டுனேன். கனைப்பு, சட்டை பட்டனத் திருவுறது, பதினேழு பேரு, ஒன்னும் வுடல. கம்பளி பாக்க வந்த மலைக்காரம்மா குஞ்சம்மாள் முழுசாக் கேட்டுட்டு, "எல்லாம் சரி சாமி, இதுல பஸ்ஸு எப்ப வரும்?"னுச்சு.

பாய் மூஞ்சி சுருங்கிப்போச்சு. "நான் இப்டியாடா பேசறேன்?"

"இல்ல பாய், நீங்க இன்னும் ஸ்லோ."

அந்தம்மாவும் வுடல. "கம்பளி விக்கசொல்ல எடுத்தவொடனே குளிருக்கு வந்துடுறீங்க. பஸ்ஸுக்கு மட்டும் இன்னாத்துக்கு பாய் ஊரச் சுத்துறீங்க?"

அன்னிலேர்ந்து கடைக்கு யாரு வந்தாலும் ஒத்திகைதான். கம்பளியப் பிரிச்சிக்கினே பஸ்ஸப் பத்திப் பேசுவாரு. கைக்கு ஒரு வேலை இருந்ததால பட்டன் பொழைச்சிது. ஒரே ஆளு மூஞ்சப் பாத்துப் பேசுனதால கனைப்பும் நின்னுச்சு. போர்வை வாங்க வந்த ஒருத்தரு போர்வைய மறந்துட்டு, ஸ்டாப்ப மாத்தாதீங்கன்னு பாய் எழுதி வச்சிருந்த மனுவுல கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு.

ரெண்டாவது கூட்டம். பாய் கையில மடிச்ச கம்பளி. கடைசி வரிசையில குஞ்சம்மாள், பக்கத்துல கடுக்கா மூட்டை. மேடையில தலைவரு தன் பேருக்குக் கும்பிடு போட ரெண்டு கையையும் ரெடியா வச்சிருந்தாரு. பாய் அந்தப் பக்கமே திரும்பல.

"ஏம்மா, மூட்டை எத்தினி கிலோ?"

"முப்பது, பாய்."

"புது ஸ்டாப்லேர்ந்து சந்தைக்கு எம்மாந்தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டரு. என் தலைதான் தூக்கணும்."

பாய் ஆபீசரப் பாத்தாரு. "ஐயா, அந்த மூட்டையக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. பஸ்ஸு நின்ன எடத்துலயே நிக்கட்டும். அவ்ளோதான்."

தன் கடையப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது. பொல்லாத ஆளு. ஒரு நிமிஷம் மிச்சம் வச்சிட்டு உக்காந்துட்டாரு. ஆபீசர் எறங்கி வந்து மூட்டைய முழங்கால் வரைக்கும் தூக்குனாரு, கீழ வச்சாரு, இன்னாமோ எழுதிக்கினாரு. ஸ்டாப்பு இன்னிக்கும் அங்கதான் இருக்கு.

வெளிய வந்ததும் தலைவரு புடிச்சிக்கினாரு. "ஏன்யா பாய், எல்லார் முன்னாடியும் என் பேரக்கூட சொல்லாம எறங்கிட்டியே?"

பாய் கம்பளிய அக்குள்ல சொருவிக்கினு சொன்னாரு: "மொதப் பேரே உங்க பேருதாங்க தலைவரே. மைக்கு சரியில்லீங்க."