ஹால் சாவி கேட்கப் போன கோச்

மழை விட்டதும் எங்கள் கோச் வாளியும் பழைய துண்டுகளுமாகச் சிமெண்டுக் கோர்ட்டில் இறங்கிவிடுவார். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, தேங்கிய தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பிழிவார். உதவப் போனால், "நீங்க போய் உடம்பச் சூடு பண்ணுங்க, இது என் வேலை" என்பார். ஐம்பது அடி தள்ளி, கல்லூரியின் ஹாலில், ஆண்கள் அணி மரத்தரையில் ஆடிக்கொண்டிருக்கும். அவர்களின் ஷூ கீச்சிடுவது எங்களுக்குக் கேட்கும். இன்று நினைத்தாலும் அந்தச் சத்தம் என்னைப் பல்லைக் கடிக்க வைக்கிறது.

மலாக்காவில் நான் படித்த தனியார் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநர் அவர். ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மாநில அணிக்கு ஆடியவர். கல்லூரிக்கு அவர் வந்தபோது பெண்கள் அணி என்று ஒன்றே இல்லையாம். கேன்டீனில் மேசை மேசையாகப் போய், உயரமான பெண்களாகப் பார்த்துப் பேசி ஆள் சேர்த்திருக்கிறார். நான் சேர்ந்தது அவருடைய ஒன்பதாம் ஆண்டில். அப்போதும் அவருக்கு வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். "பந்தைப் பாக்காத, கண்ணையும் பாக்காத. எதிராளி இடுப்பைப் பாரு. எங்க போகப்போறாள்னு அதுதான் சொல்லும்" என்று தொண்டை கட்டும்வரை கத்துவார். தோற்றுவிட்டு அழுதால், "பாத்ரூம்ல போய் அழுதுட்டு வா. ரெண்டு நிமிஷம்" என்பார். வாரத்தில் இரண்டு நாளாவது ஹாலை எங்களுக்கும் தரச் சொல்லி ஒவ்வொரு செமஸ்டரும் கடிதம் எழுதினார். அடுத்த செமஸ்டர் பார்க்கலாம் என்ற ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது.

நான் கேப்டனாக இருந்த வருடம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தோம். கடலோரத்து உம்பாய்க்குக் கூட்டிப்போய், சுட்ட மீன் வாங்கிக் கொடுத்து, கோச் அன்று ஒருநாள்தான் எங்களோடு சத்தம் போட்டுச் சிரித்தார். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு மாலை நல்ல மழை. "தரை காயாம யாரும் இறங்கக் கூடாது. நான் ஆபீஸ்ல ஹால் சாவி கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் விளையாட்டுப் பிரிவு அதிகாரி ஒரு வீடியோக்காரரோடு வந்தார். கல்லூரி விளம்பரத்துக்கு நாங்கள் ஓடுவதைப் படமெடுக்க வேண்டுமாம். கோச் வேண்டாம் என்றாரே என்று சொன்னேன். "அஞ்சு நிமிஷம்தான் லா. நான் சொல்றேன், ஓடுங்க" என்றார். ஓடினோம். எங்கள் அணியிலேயே உயரமானவள், என் அறைத்தோழி, வளையத்துக்குக் கீழே வழுக்கி விழுந்தாள். முழங்கால் திரும்பிய திசை இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அவள் அலறியதைக் கேட்டு கோச் ஆபீஸிலிருந்து வெறுங்கையோடு ஓடிவந்தார். சாவி கொடுக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரை 'அவர்' என்று எழுதவே கை கூசுகிறது. மேசையில் ஒரு தாள் இருந்தது. ஈரத் தரையில் ஆடும்படி பயிற்றுநர் எங்களைக் கட்டாயப்படுத்தினார் என்று அதில் இருந்தது. "இது பொய் சார்" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "உன் ஸ்காலர்ஷிப் அடுத்த வாரம் ரிவியூக்கு வருதுல்ல?" என்று விசாரித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். என் அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து என்னைப் படிக்க அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட்டேன். கேப்டனே போட்டுவிட்டாள் என்று மற்றவர்களும் போட்டார்கள். மருத்துவமனையில் கிடந்தவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே கோச்சை அனுப்பிவிட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை ஆடி இறுதிச் சுற்றில் ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கிப் பிடித்தது, பத்து நாளுக்கு முன் எங்களுக்குப் பொறுப்பாக வந்த, ஆண்கள் அணியின் உதவிப் பயிற்றுநர். கோச்சை வேறு எந்தக் கல்லூரியும் எடுக்கவில்லை. விசாரித்தால் அந்தத் தாள் அல்லவா பேசும்?

பன்னிரண்டு வருடம் போய்விட்டது. இந்த வருடம் புதுப்பித்த ஹாலைத் திறக்கிறோம், முன்னாள் கேப்டனாகப் பேச வேண்டும் என்று கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. கூடவே அனுப்பிய படத்தில், சுவரில் பெண்கள் அணியின் வரலாற்றுப் பலகை. அணியை உருவாக்கியவர் என்று அந்த உதவிப் பயிற்றுநரின் பெயர் இருந்தது. அன்றே புக்கிட் பெருவாங்கில் கோச்சின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் பாலர் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அதை ஓட்டித்தான் பிழைக்கிறார்.

"வா, கேப்டன்" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடினார். "தெரியும். முதல் கையெழுத்து உன்னோடது. அந்த ஆபீசர் என் முன்னாலயே விரிச்சுக் காட்டினான்."

"ஏன் கோச் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல?"

"பத்தொம்பது வயசுப் பிள்ளை. நீ பயந்திருப்பன்னு எனக்குத் தெரியாதா? அதுல எனக்குக் கோபம் இல்ல. அதுக்கப்புறம் படிச்சு முடிச்ச, வேலைக்குப் போன. அப்பவும் வாயத் திறக்கல பாரு, அதுதான் கோபம்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? நடந்தது எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார். தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காதது நியாயம்தான்.

திறப்பு விழாவில் பேசினேன். நன்றி சொல்ல வந்தவள்போல் ஆரம்பித்து, அந்த மழை நாளையும் அந்தத் தாளையும் சொன்னேன். அதிகாரி இப்போது இன்னும் பெரிய பதவியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்கை நிறுத்தினார்கள். கத்திச் சொல்லி முடித்தேன். பழைய மாணவியாக வந்திருந்த என் அறைத்தோழி பின்வரிசையில் எழுந்து, மடங்காத காலை இழுத்துக்கொண்டு நடுவழிக்கு வந்து, "அவ சொல்றது உண்மை. நான்தான் விழுந்தவ" என்றாள். யாரும் கைதட்டவில்லை. எங்களை மரியாதையாக வெளியே கூட்டிவந்து விட்டார்கள்.

விசாரிக்கிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு சரி. போன வாரம் போய்ப் பார்த்தேன். பலகையைக் கழற்றிவிட்டார்கள். கோச்சின் பெயரைப் போடுவதற்குப் பதில், அணிக்கு வரலாறே இல்லையென்று ஆக்கிவிட்டார்கள். கோச்சுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்ப பலகையில இருந்த அந்த உதவி கோச் பேரும் போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி எழுதப் போகிறேன், பத்திரிகைக்கும் எழுதுவேன் என்றேன்.

"எழுது. சரி, பிள்ளைங்கள விடுற நேரமாச்சு" என்று போனை வைத்துவிட்டார்.

பத்து வருடம் ஓர் அணியைக் கட்டி எழுப்பியவர், மத்தியான வெயிலில், பாலர் பள்ளி வாசலில் வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த அதிகாரிக்கு அடுத்த வருடம் பணி ஓய்வாம். பெரிய விருந்து வைக்கப்போகிறார்களாம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதிவைக்கிறேன்.