காட்டுப் படங்களில் நான் வெட்டியதும் அழித்ததும்

கல்யாண மேடையில் ‘கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க’ என்றால் மாப்பிள்ளை திரும்பிப் பார்ப்பார்; மலையில் மரங்கொத்தியிடமும் அதைச் சொல்லிப் பார்த்தவன் நான். கள்ளக்குறிச்சியில் பதினேழு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலை ஏறிவிடுவேன். பெரிய லென்ஸ் வாங்கியதை வீட்டில் சொல்லாமல் ஒளித்து வைத்தவர்களும், கிடைத்த ஒரு நல்ல படத்தையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கெடுத்தவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அவர்களுக்காகத்தான் இது.

நட்டநடுவில் மயில்

கோமுகி அணைக்கரையில் ஒரு காலை, ஆண்மயில் ஒன்று பத்தடி தூரத்தில் வந்து நின்றது. இத்தனை வருஷம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்த கை சும்மா இருக்குமா? மயிலைச் சரியாக நடுவில் நிறுத்தி, ஃப்ரேம் முழுக்க அடைத்து எடுத்தேன். பரபரப்பில் தோகையின் கடைசி முழம் வெளியே போனதைக் கவனிக்கவில்லை.

எங்கள் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்பவர் செல்வி. சங்கராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். எடிட்டிங்கில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். மயிலை ஓரமாகத் தள்ளி, அது பார்க்கிற பக்கம் கொஞ்சம் வெற்றிடம் வரும்படி வெட்டித் தரச் சொன்னேன். அவர் இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு மவுஸைக் கீழே வைத்தார். அப்புறம் எத்தனையோ ஞாயிறு அந்தக் கரையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு வெளிச்சமும் அத்தனை கிட்டத்தில் ஒரு மயிலும் சேர்ந்து வரவே இல்லை. செல்வி அன்றைக்குச் சொன்னது இதுதான்: “ஜாஸ்தியா இருந்தா வெட்டலாம் சார். நீங்க எடுக்காத வால நான் எங்கேர்ந்து கொண்டாருவேன்?”

மாங்குயிலும் பனியும்

வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடுகிற அண்ணாமலை என்பவர், மாங்குயில் வருகிற மரத்தைக் காட்டுவதாகச் சொன்னார். முதல் நாள் பறவை வரவில்லை. இரண்டாம் நாளும் தன் கொல்லை வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து நின்றார். எதிரே இருக்கிற ஆள் தெரியாத பனி. இரண்டு பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். பனிக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு புள்ளி வந்து கிளையில் உட்கார்ந்தது.

அப்போதுதான் நான் எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். கிடைத்த பட்டனையெல்லாம் வலது பக்கம் இழுக்கிற வயசு அது. பனியைத் துடைத்தேன். இலையைக் கிளிப்பச்சை ஆக்கினேன். பறவைக்கு மஞ்சள் பூசினேன். படத்துக்குக் கண்ணாடி ஃப்ரேம் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினவர், ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் சந்தோஷத்தைக் கொண்டுவரப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார்: “நல்லாத்தான் கீதுங்க. ஆனா நாம நின்னுகினு இருந்த பனி எங்கங்க போச்சு?”

ஓரத்தில் ஒரு கம்பி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கரியாலூர் தாண்டி ஓடையோரம் ஒரு கேளையாடு தண்ணீர் குடிக்க வந்தது. ஆடு என்று பெயர்தானே தவிர, சின்ன மான் ஜாதி, ரொம்பக் கூச்சம். தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்த நொடியில் எடுத்தேன். மயிலிடம் கற்ற பாடத்தால் இந்த முறை எல்லாம் சரியாக விழுந்திருந்தது. இடது மூலையில் புல்லுக்கு நடுவே ஏதோ கம்பி மாதிரி மின்னியது மட்டும் உறுத்தல். ஓரத்தில் கண்ணை இழுக்கிற எதுவும் இருக்கக் கூடாது என்று படித்திருந்தேன். பிரஷ்ஷை எடுத்துத் தடவினேன்; கம்பி போய்ப் புல் வந்துவிட்டது. அதே ஃபைல் மேலேயே சேவ் செய்தேன். மறுநாள் திருநாவலூரில் கல்யாணம், கேமரா கார்டையும் காலி செய்துவிட்டேன். படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினேன்.

இரண்டு மாசம் கழித்து, வேட்டைத் தடுப்புக் காவலர் கோவிந்தன் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். எந்த இடம், எப்போது எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். நான் எடுத்து நாலு நாள் கழித்து, அதே ஓடையில் ஒரு பெட்டைக் கேளையாடு கண்ணியில் மாட்டிச் செத்துக் கிடந்ததாம். பைக் பிரேக் கம்பியில் செய்த கண்ணி.

மூலையில் மின்னிய கம்பியை நான் அழித்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த மூலையை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிக் காட்டினேன். வெறும் புல். செல்வி பழைய ஹார்டு டிஸ்க்கையெல்லாம் மாட்டித் தேடினார். ஒரிஜினல் எதிலும் இல்லை. அதே மான்தானா என்று கோவிந்தனிடம் கேட்டேன். அதை எப்படிங்க சொல்வது என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். போட்டோவுக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தவர், கேமராவைப் பார்த்தபடியே சொன்னார்: “அன்னிக்கே எனக்கு ஒரு தடவ அனுப்பியிருந்தா போதுங்க. எங்க கேம்ப்லேர்ந்து அது அர மணி நேர நடைதான்.”

கவரோடு ஒரு குரங்கு

அன்றே அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். இப்போது அங்கே இருப்பது அருவிக்கரையில் ஒரு தாய்க்குரங்கு. மடியில் குட்டி, கையில் யாரோ வீசின சிப்ஸ் கவர். வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன். வேறெதையும் தொடவில்லை.

போன மாசம் மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி, புது வீட்டுக்குப் படம் பார்க்க மனைவியோடு வந்தார். குட்டியின் கண்ணை அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கவரை எடுக்கச் சொன்னார்கள். அது அங்கேதான் இருந்தது, எடுக்க மாட்டேன் என்றேன். ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். விவசாயி கோபப்படவில்லை. பைக்கில் ஏறிக்கொண்டே சொன்னார்: “வூட்டு ஹால்ல குப்பையவா சார் மாட்டுவாங்க? இன்னா ஆளுங்க நீங்க.”

இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தின் ஒரிஜினலையும் மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதுவரை அதைக் கேட்டு யாரும் வரவில்லை.