ஜூலிக்குச் சொல்லாதே

என் புருசன் வலன்ரைன் கப்பலில் வேலை என்று சொன்னால், எங்கள் மஹய்யாவ ஊர்ச் சனம் அவரை என்னவோ கப்டன் என்று நினைத்துக்கொள்கிறது. உல்லாசக் கப்பலின் குசினியில் வெங்காயம் உரிக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல். கல்யாணம் கட்டி ஒன்பது வருசத்தில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போன ஆகத் தூரமான இடம், பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாத வத்தேகம. அதுவும் ஒரு செத்த வீட்டுக்கு.

முன்பு டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டார். அதிர்ந்து பேசாத மனுசர். என்ன கறி வைத்தாலும் “நல்லாருக்கு” என்ற ஒரே சொல். சண்டை பிடிக்கக்கூட லாயக்கில்லை. கப்பலில் ஏறிய பிறகும் அப்படித்தான். “ஊரு ஊரா போறோம், எறங்க விடமாட்டேங்கிறாங்க ஜூலி. எல்லாம் ஜன்னல் வழியாத்தான்” என்று போனில் முனகுவார். பாவம் என்று வாய் சொல்லும். நல்லா வேணும் என்று மனசு சொல்லும். நான் மட்டும் இந்த லைன் வீட்டுக் குழாயடியில் நிற்க, அவர் உலகம் சுற்றிப் பார்ப்பாராமா?

போன மாசம் ஒரு பின்னேரம், அவருடைய அக்கா மதலேனா போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். முகத்தில் கவலை, கண்ணில் கொண்டாட்டம்.

“ஜூலி, மனசத் தெடப்படுத்திக்க. தம்பி எனக்கு அனுப்பினது. கேளு.”

பின்னால் ஒரே ஹோர்ன் சத்தம், சன இரைச்சல். நடுவில் என் புருசனின் குரல்.

“அக்கா, நான் அக்குறணையில நிக்கிறேன். ஜூலிக்குச் சொல்லாத. துணிக்கடையில ஒருத்தி பக்கத்துலயே நின்னுக்கிட்டு, என்ன கலர் எடுக்கட்டும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்கு ஒண்ணும் ஓடல. சீக்கிரம் சொல்லு.”

அந்தோனியாரே! அக்குறணை எங்கே இருக்கிறது? மாத்தளை றோட்டில், பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலம்.

“கப்பல்ல இருக்கிற மனுசன் அக்குறணைக்கு எப்புடி மதினி வந்தாரு?”

“எயார்போட்ல எறங்கி நேரா அங்க போயிருப்பான். என் தம்பிதான், இருந்தாலும் சொல்றேன், நெருப்பில்லாம பொகையாது.”

அவருக்கு அடித்துப் பார்த்தேன். போன் வேலை செய்யவில்லை. எவளோ ஒருத்தி என் புருசனிடம் கலர் கேட்டுத் துணி எடுக்கிறாள்! எனக்கு வருசா வருசம் நத்தார் பண்டிகைக்கு இந்த மதினிதான் துணி எடுத்துத் தருவார். கொடுத்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போவேன். அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாய்ஸை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். தானும் வருகிறேன் என்று மதினி செருப்பை மாட்டினார். நான் காத்திருக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் பஸ்ஸில் அழுதேன். பாலம் தாண்டியதும், கண்டால் என்ன சொல்லிக் கிழிப்பது என்று யோசித்தேன். இறங்கிக் கடை கடையாக ஏறினேன். கல்யாணப் படத்தைக் காட்டி, இவரைக் கண்டீர்களா என்று கேட்டேன். ஒருவரும் காணவில்லை. கடைசியில் மர்சூக் நானா என்ற முஸ்லிம் அண்ணன் ஒருவரின் துணிக்கடையில் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த வாய்ஸைப் போட்டுக் காட்டினேன். அவர் போனைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“அக்குறணை இல்ல தங்கச்சி, அக்ரா எண்டு செல்றாரு. அக்ரா! ஆபிரிக்காவுல ஈக்கிற ஊரு. எங்கட மருமகன் மாணிக்கக் கல்லு யாவாரத்துக்கு அந்தப் பக்கம் போற. ஒங்கட மாப்புள கப்பல்லயா வேல?”

ஆமாம் என்று தலையாட்டினேன். பெரிய பாரம் ஒன்று இறங்கியது. இறங்கின கையோடு இன்னொன்று ஏறியது. அப்படியென்றால் அவரைக் கரையில் இறக்கிவிட்டார்கள். நான் அக்குறணையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறேன், அவர் அங்கே ஊர் பார்க்கிறார்!

அந்த நேரம் போன் அடித்தது. அவர்தான்.

“ஜூலி! இன்னைக்கு எறங்க விட்டுட்டாங்க! கப்பல் தேமா துறைமுகத்துல நிக்குது, அங்கருந்து பஸ்ஸுல அக்ராவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஐயோ, என்னா சந்தை! பொம்பளைங்க கடையவே தலையில தூக்கிட்டு நடக்கிறாங்க. வாழைப்பழத்த வெட்டி, மொளகாய் எல்லாம் பெரட்டிப் பொரிச்சுத் தர்றாங்க. நம்ம டவுன் மாதிரியே நெரிசல், ஆனா இங்க கடலும் இருக்கு!”

ஒன்பது வருசத்தில் இந்த மனுசர் என்னிடம் இத்தனை பேச்சுப் பேசியதில்லை. எனக்கு அந்த ஊர் மேலேயே பொறாமை வந்தது.

“கலர் கேட்டவ யாரு?”

“அக்கா சொல்லிட்டாளா? அது கடைக்காரம்மா. உனக்குத்தான் துணி எடுக்கப் போனேன். ஒம் பொஞ்சாதிக்கு என்ன கலர் புடிக்கும்னு கேட்டா. முழிச்சேன். அக்காவும் பதில் போடல. கடைசியில அவளே ஒண்ணப் பாத்து மடிச்சுத் தந்துட்டா.”

“எவளோ பாத்து எடுத்தத நான் உடுத்தவா? ஒம்பது வருசமா குடும்பம் நடத்தியும் எனக்குப் புடிச்ச கலர் தெரியாதா ஒங்களுக்கு?”

“நீ ஒருநாளும் சொன்னதில்லையே ஜூலி” என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. “இப்ப சொல்லு. பஸ் இன்னும் கெளம்பல. ஓடிப்போய் மாத்திட்டு வர்றேன்.”

சொல்ல வாயைத் திறந்தேன். நீலமா? பச்சையா? மதினிக்குப் பிடித்தது மெரூன். அம்மாவுக்குப் பிடித்தது மஞ்சள். எனக்கு?

“சொல்லு ஜூலி, கூப்புடுறாங்க.”

நான் மர்சூக் நானாவின் துணித் தட்டுகளைப் பார்த்தேன்.

“நானா, அந்தத் துணியெல்லாம் கொஞ்சம் எறக்குங்க.”

“என்ன கலர் தங்கச்சி?”

“எல்லாத்தையும் எறக்குங்க. பாத்துத்தான் சொல்லணும்” என்றேன். பிறகு போனில் கத்தினேன்: “கட் பண்ணிறாதீங்க! அந்த பஸ்ஸக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க!”