செலவில்லாத எம்.எஸ்ஸி.

இன்று பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து கல்லூரி விவரப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பூகர்ப்ப சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கச் சென்னை மலிவா, காசி மலிவா?

பக்கத்திலிருந்த வாழைத்தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, கல்லைப் பத்தின படிப்புங்களா?"

"ஆமாங்க. எங்கே செலவு கம்மின்னு பாக்கறேனுங்க."

"செலவை உடுங்க. எம்பொண்ணைக் கட்டிக்கிட்டா எல்லாம் நானே பாத்துக்கறேன். படிச்சு முடிச்சு நம்மூட்டோட மாப்பிள்ளையா இருந்து தோட்டத்தைப் பாத்தாப் போதுமுங்க."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்கய்யன் நேத்தே சரின்னுட்டாருங்க. உங்களைப் பாக்கத்தான் இந்த பஸ்ஸுல ஏறுனேன்."

எழுந்து போகலாமென்றால் வழியை அடைத்து அவர் உட்கார்ந்திருந்தார். பட்டம் கிடைக்கும், மலையேறிக் கல் பார்க்கும் வாழ்க்கை கிடைக்காது.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தமாம். பெண் கொடுக்காமல் உதவித்தொகை மட்டும் கொடுக்கும் கல்லூரி ஏதாவது தெரிந்தால், நண்பர்களே, வியாழனுக்குள் சொல்லுங்கள்.